அறுபத்தொன்றாவது பலகை

பலகைப் பாதைக்கு அன்று போனவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா. கையில் பித்தளைச் செம்பு. செம்பில் பால். செம்பின் வாயில் வாழையிலைத் துண்டு கட்டியிருந்தது.

தங்கச்சி. இடுப்பில் வெற்றிலைப் பை.

தங்கச்சி புருசன். எனக்கு மச்சான். துரை போகிற பாதை என்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

காவல்காரர். சிங்களவர், வயதானவர். கேட்டுச் சாவி அவரிடம் இருந்தது.

நான்.

தம்பியும் கூட வருகிறான் என்று அம்மா வழியில் சொன்னாள். அவனைச் சேர்த்தால் ஆறு பேர். நான் சேர்க்கவில்லை.

எங்கள் தோட்டம் மடுல்கெல்லைக்கு மேலே. தோட்டத்து எல்லையில் ஆறு இரண்டு பாறைக்கு நடுவே இறங்கும். பாறை இரண்டும் சுவர் மாதிரி நிற்கும். உள்ளே தண்ணீர் இரைவது தோட்டம் முழுக்கக் கேட்கும். உள்ளே போய்ப் பார்த்தவர் இல்லை. அப்போதிருந்த துரைக்கு அதைப் பார்க்க ஆசை வந்தது. கண்டியில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் காட்டவும் ஆசை. பாறையின் பக்கத்திலேயே பாதை போடச் சொன்னார்.

பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பி இறக்கினார்கள். கம்பிக்குக் கம்பி ஒரு பலகை. அகலப் பலகை, ஆள் நீளம் இருக்கும். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் கைப்பிடிக்கு ஒரு கம்பி வடம், கீழே ஆறு. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும்.

தம்பி அந்த வேலைக்குப் பேர் கொடுத்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதைவிட இது நல்லது, நாள் முழுக்க நிழல் என்றான். அவனும் அவன் கூட்டாளி ஒருவனும் பலகை பூட்டுகிறவர்கள். பொழுது சாய்ந்ததும் இதுவரை எத்தனை பலகை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அதனால் அவர்களுக்கு எல்லாமே பலகை நம்பரில்தான் பேச்சு. வீட்டில் சோறு தின்னும்போதும் அப்படித்தான். நாற்பதாவது பலகைக்கு மேலே தேன்கூடு இருக்கிறது என்பான். நாற்பத்தெட்டில் பாறை ஒழுகுகிறது, சட்டை நனைந்துவிட்டது என்பான். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் கம்பி ஒன்று பாறையை விட்டுக் கழன்றது. இரண்டு பேரும் விழுந்தார்கள். கூட்டாளி பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் விழுந்தான். கால் உடைந்தது. தம்பி ஆற்றுக்குப் போனான். அன்று மழை இல்லை. பாறையை விட்டு ஆறு வெளியே வருகிற இடத்தில் இருந்து மகாவலியில் சேருகிற இடம் வரைக்கும் மூன்று நாள் தேடினோம். அவன் தலையில் கட்டியிருந்த துண்டு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

கூட்டாளியைக் கண்டி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

“எந்த எடம்?” என்று கேட்டேன்.

“அறுபத்தொண்ணாவது பலகைண்ணே. அறுபத்தொண்ணு அவன் கையில இருந்துச்சு.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு அவன் தோட்டத்துக்குத் திரும்பவும் இல்லை. அம்பிட்டியப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில் காவல் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

வேலையை வேறு ஆட்கள் முடித்தார்கள். கார் வந்து நிற்கிற கீழ்ப்பக்கத்தில் கேட்டுப் போட்டுப் பூட்டினார்கள். துரையும் விருந்தாளிகளும் போவார்கள், வருவார்கள். நமக்கு அங்கே வேலை இல்லை.

அம்மா கருமாதி வைக்க விடவில்லை. “எடத்தப் பாக்காம எப்படிடா பால் ஊத்துறது? குப்பையிலயா ஊத்த?” என்றாள். மூன்று வருசம் ஒரு வேளைச் சோறுதான் தின்றாள். வெற்றிலையை விட்டாள். அவள் வெற்றிலை போட்டால் சுண்ணாம்பு விரலைப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் தேய்ப்பாள். எங்கள் லயத்து வீட்டுக் கதவு நிலை வெள்ளையாகவே இருக்கும். அந்த மூன்று வருசத்தில் அது கறுத்துவிட்டது.

பிறகு தேயிலை விலை விழுந்தது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். கடல் தாண்டி ஊருக்கு அனுப்புகிறவர்கள் லிஸ்டில் அம்மா, தங்கச்சி, மச்சான் மூன்று பேரும் இருந்தார்கள். நான் தேயிலை காய்ச்சுகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். என் பெயர் நின்றது.

அம்மா லிஸ்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகுமுன் அந்த இடத்தைக் காட்டு என்று மட்டும் சொன்னாள்.

பெரிய கிளாக்கர் ஐயாவிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“என்ன, குடும்பமா வந்திருக்கிறியள்?”

அம்மா சொன்னாள். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“நான் துரையிட்டக் கேட்டுப் பாக்கிறன். ஆனால் அங்க நிண்டு அழுது கத்தக் கூடாது. விளங்குதோ?”

“அழுது முடிஞ்சதுங்க ஐயா.”

“ஓம், ஓம்” என்றார். அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துத் துண்டுச் சீட்டு தந்தார். “ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டுக்குப் போங்கோ. ஒரு மணித்தியாலம்தான். பத்துக்குத் துரையின்ர ஆக்கள் வருகினம். தேங்காய் உடைக்கக் கூடாது, சூடம் கொளுத்தக் கூடாது. பால் எண்டால் பரவாயில்லையாம்.”

ஞாயிறு காலையில் காவல்காரர் பூட்டைத் திறந்தார். “பரிஸ்ஸமின், அம்மே” என்றார். பார்த்துப் போ என்று அர்த்தம். அவரே முன்னால் நடந்தார்.

முதல் பலகையில் காலை வைத்ததும் மச்சான் நின்றுவிட்டான். பலகை லேசாக ஆடும்.

“என்ன நிக்கிறீங்க?” என்றாள் தங்கச்சி.

“எண்ண வேணாமா?” என்று என்னைக் காட்டினான். “மச்சான்தான் மூணாங் கிளாசு படிச்சவரு. முன்னால போயி எண்ணட்டும்.”

“பயமா இருக்குன்னு சொல்லுங்க. முருங்கை மரத்து உச்சியில ஏறி வெட்டுனேன்னு பீத்துவீங்க.”

“மரம் ஆடாதுடி.”

“ஆடும். நீங்கதான் ஏறலையே.”

அம்மா சிரிக்கவில்லை. “எண்ணுடா” என்றாள்.

சத்தமாக எண்ணினேன். எண்ணுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அன்று எனக்கு அது பெரிய காரியமாக இருந்தது. தப்பக் கூடாது என்று ஒவ்வொரு பலகையிலும் இரண்டு காலையும் வைத்தேன்.

அழகான இடம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். பாறை இடுக்கில் பன்னச் செடி இலை விரித்துத் தொங்கும். வெயில் மேலே எங்கேயோ இருக்கும், கீழே வராது. தண்ணீர்த் தூள் முகத்தில் அடிக்கும். எதிர்ப் பாறையில் குருவி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. இதைப் பார்க்கத்தான் அவர்கள் கார் பிடித்து வருகிறார்கள்.

நாற்பதில் அம்மா நிறுத்தினாள். மேலே பார்த்தாள்.

“தேன்கூடு எங்கடா?”

“மூணு வருசமாச்சுல்ல. கலைஞ்சிருக்கும்.”

நாற்பத்தெட்டில் பாறையைக் கையால் தடவினாள். காய்ந்திருந்தது. நான் வெயில் காலம் என்று சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

அறுபத்தொன்று.

அந்த இடத்தில் பாறை தலைக்குமேல் கூரை மாதிரி வளைந்து வரும். மழை படாது. கீழே ஆறு அகலமாகிக் குளம் மாதிரி கிடந்தது. சத்தமில்லை. பலகையில் இருந்து தண்ணீருக்கு இரண்டு ஆள் உயரம் இருக்காது. அடியில் மணல் தெரிந்தது. மீன் தெரிந்தது.

அம்மா கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“இங்கயா விழுந்தான்?”

“இங்கதாம்மா.”

“அறுபத்தொண்ணா?”

“அறுபத்தொண்ணு.”

“திரும்பப் போயி எண்ணிட்டு வா.”

கேட்டுக்குப் போனேன். திரும்ப எண்ணிக்கொண்டு வந்தேன். அம்மா நின்ற பலகைதான் அறுபத்தொன்று. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா உட்கார்ந்தாள். செம்பை மடியில் வைத்தாள். தங்கச்சி அழப் பார்த்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எம்புள்ள மகாவலிய நீந்திக் கடந்தவன். அக்கரையில மாங்கா பறிச்சுப் பல்லுல கவ்விக்கிட்டு வந்தான். நீ பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்” என்றேன் நான்.

“இந்தக் குட்டையில அவன் சாவானா?”

காவல்காரர் தூரத்தில் போய் நின்றார்.

“அப்ப இத்தன வருசமா எங்க போனான், அத்தை?” என்றான் மச்சான்.

“பயந்து போயிட்டான். பலகையையும் கம்பியையும் தண்ணியில போட்டுட்டான்ல. கூட்டாளி காலையும் ஒடச்சிட்டான். கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா? சின்ன வயசுலயும் அப்படித்தான். சட்டிய ஒடச்சிட்டா சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்கு வரமாட்டான்.”

“அத்தை, அது சட்டி.”

“நீ வாய மூடு. ஒனக்குப் பலகையில நிக்கவே தெரியல.”

தங்கச்சியின் பையை வாங்கினாள். வெற்றிலை எடுத்தாள், நரம்பு கிள்ளினாள், சுண்ணாம்பு தடவினாள். மூன்று வருசத்துக்குப் பிறகு வாயில் போட்டாள். சுண்ணாம்பு விரலைப் பாறையில் தேய்த்தாள். மூன்று விரல் நீளத்துக்கு வெள்ளையாக விழுந்தது.

“உசுரோட இருக்கவனுக்கு எவளாவது பால் ஊத்துவாளா? வாங்க போவோம்.”

கேட்டுக்கு வந்ததும் பாலைக் காவல்காரரிடம் கொடுத்தாள். “குடிங்க” என்றாள். அவருக்கு எதற்கான பால் என்று தெரியாது. அண்ணாந்து குடித்தார். “ஹொந்தாய்” என்று வாயைத் துடைத்தார். நல்லது என்று அர்த்தம்.

அன்று அம்மா இரண்டு வேளை தின்றாள். அடுத்த நாளும் தின்றாள். ஊருக்கு மூட்டை கட்டும்போது தம்பியின் சட்டையை மட்டும் கட்டவில்லை. மடித்து என் பெட்டியில் வைத்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அவள் தின்கிறாளே என்று விட்டுவிட்டேன். தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது, அவனுக்கு நீந்தத் தெரியும்தான். எனக்கே கொஞ்சம் ஆட்டமாகத்தான் இருந்தது. இரண்டொரு நாள் வேலை முடிந்து வரும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏற்றிவிட நானும் கண்டி ஸ்டேசன் வரைக்கும் போனேன். ஸ்டேசன் நிறையத் தோட்டத்து ஆட்கள். மூட்டைமேல் மூட்டை. அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். தலைமன்னார் போய்க் கப்பல். அம்மா அக்கரையைப் பார்த்து இருபத்தைந்து வருசம் இருக்கும்.

தம்பியின் கூட்டாளி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். நான்தான் லொறிக்காரனிடம் சொல்லியனுப்பியிருந்தேன். அம்மாவைப் பார்க்குமுன் என்னைத் தனியே இழுத்தான்.

“எடத்தப் பாத்தீங்களாமே. கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதுண்ணே. அந்தப் பாறையப் பாத்துட்டுப் பெரியம்மா எப்படித் தாங்குச்சு?”

“எந்தப் பாறை?”

“ஆறு உள்ள பூந்து போகுமே, அந்தப் பாறை. இப்ப நெனச்சாலும் எனக்குத் தல சுத்துது.”

“அங்க குளம்தான் இருந்துச்சு. மணல் தெரியுது.”

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

“எங்க இருந்துண்ணே எண்ணுனீங்க?”

“கேட்டுல இருந்து.”

“அப்ப ஏதுண்ணே கேட்டு? நாங்க மேல இருந்துல்ல போட்டுட்டு எறங்குனோம். பலகை வண்டி மேல் ரோட்டுக்குத்தான வரும்.”

பலகை வண்டி மேல் ரோட்டுக்குப் போவதை ஸ்டோர் வாசலில் நின்று தினமும் பார்த்தவன் நான். மாடு வழுக்கினால் போய்த் தள்ளியும் விட்டிருக்கிறேன். பாதை எனக்குக் கேட்டில் தொடங்கியது. வேலை செய்தவனுக்கு அது வேலை முடிகிற இடம். அது எனக்கு உறைக்கவில்லை.

முதல் மணி அடித்தார்கள். அம்மா ஜன்னலில் இருந்து அவனைக் கூப்பிட்டாள்.

“வாடா, வா. கால் எப்படியிருக்கு?”

“நடக்குறேன் பெரியம்மா.”

“நீ சொல்லு. அவனுக்கு நீந்தத் தெரியும்ல?”

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தாள். வாயில் வெற்றிலை. உதடு சிவந்திருந்தது. தங்கச்சி முந்தானையால் அம்மாவின் நாடியில் வழிந்த சாற்றைத் துடைத்துவிட்டாள்.

அவளை வண்டியை விட்டு இறக்கிச் சொல்லியிருக்கலாம். அம்மா, அது அந்த இடம் இல்லை, நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று. இரண்டு சொல்தான். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியும் பெரியம்மா” என்றான் அவன். “நல்லாத் தெரியும்.”

“பாத்தியா?” என்றாள் அம்மா என்னிடம். “வந்தான்னா ஏசாத. சட்டை ஒம்பெட்டியில இருக்கு. நான் ஊர்ல இருக்கேன்னு சொல்லு.”

“சொல்றேம்மா.”

வண்டி போனது. நாங்கள் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் கிடந்த ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். அவன் அம்பிட்டிய வரைக்கும் நடக்க வேண்டும். எழுந்து போனான்.

அம்மாவிடம் இருந்து கடிதம் வரும். மச்சான் எழுதுவான். தோட்டத்துக்குப் போட்டால் எங்கேயாவது கிடக்கும் என்று, கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, அக்குறணைக்காரர், அவர் விலாசத்துக்குப் போடச் சொல்லியிருந்தேன். கடைக்கு முன்னால் போனால் கூப்பிடுவார்.

“தம்பி, உம்மாட கடிதம் வந்தீக்கி.”

அவரே வாசிப்பார். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அவர் வாசித்தால் கேட்க நன்றாக இருக்கும். எல்லாக் கடிதத்திலும் மழை பெய்ததா என்று இருக்கும், பிறகு தம்பி வந்தானா என்று இருக்கும்.

“ஒங்கட தம்பி எங்க போனாரு?” என்று ஒரு தரம் கேட்டார்.

“வேலைக்குப் போனான்” என்றேன்.

இன்னும் வரவில்லை என்று நான் பதில் எழுதுவேன். அது பொய் இல்லை. ஆனால் வரமாட்டான் என்று எழுதவில்லை. வருசத்தில் இரண்டு மூன்று கடிதம். ஒவ்வொரு தரமும் எழுதலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு தரமும் அந்த ஒரு வரியை எழுதி ஒட்டிவிடுவேன். பலகைப் பாதைக்கும் போகவில்லை. அவள் காத்திருக்கும்போது நான் பால் ஊற்றுவது எப்படி?

ஐந்தாவது வருசம் ஒரு கடிதம் வந்தது. அக்குறணைக்காரர் உறையைப் பிரித்தார். முதல் வரியோடு நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

“இருங்க தம்பி. இத நீங்களே வாசிச்சிருங்க.”

காய்ச்சல் மூன்று நாள் என்று மச்சான் எழுதியிருந்தான். கடைசி வரைக்கும் அம்மா தெருக்கதவைச் சாத்த விடவில்லை என்று எழுதியிருந்தான். வேறொன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு செம்பில் பால் எடுத்துக்கொண்டு போனேன். பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரைக்கு அந்தப் பாதையில் ஆசை இல்லை. காவல்காரர் மட்டும் இருந்தார். இன்னும் கிழமாகியிருந்தார். கேட்டு பூட்டாமலே கிடந்தது. செம்பைப் பார்த்துச் சிரித்தார். தனக்கு என்று நினைத்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் வழி விட்டார்.

நான் கேட்டில் நுழையவில்லை. மேல் ரோட்டைச் சுற்றிப் போனேன். வண்டிப் பாதை புல் மூடியிருந்தது. மேல் முனையில் இறங்கி முதல் பலகையில் நின்றேன். எண்ணத் தொடங்கினேன்.

நாற்பதுக்கு மேலே தேன்கூடு இருந்தது. மூன்று அடை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டில் பாறை ஒழுகியது. சட்டை நனைந்தது.

அறுபத்தொன்றில் நின்றேன். அங்கே பாறை இரண்டும் நெருங்கி வருகிறது. கீழே பார்த்தால் பனை ஆழத்துக்கும் மேலே இருக்கும். வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆறு அதற்கு அடியில் புகுந்து போகிறது. எங்கே வெளியே வருகிறது என்று தெரியவில்லை. நாங்கள் தேடியது எல்லாம் குளத்துக்குக் கீழே. அம்மா இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பால் ஊற்றியிருப்பாள். வெற்றிலை போட்டிருக்கமாட்டாள்.

பாலை ஊற்றினேன். இரண்டு பேருக்கும் ஒரே செம்பு. பாறை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. பாதியிலேயே தூளாகிவிட்டது.

பிறகு கீழ்ப்பக்கமாக நடந்தேன். சில பலகை உளுத்திருந்தது. அதில் ஓரமாகக் கம்பிமேல் கால் வைத்து நடந்தேன். தம்பி விட்ட அறுபத்தொன்றாவது பலகைக்கு அடுத்த பலகையை ஒன்று என்று எண்ணினேன். குனிந்து பாறையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூரை மாதிரிப் பாறை வளைகிற இடம் வந்தது. கீழே குளம். அம்மாவின் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. மூன்று விரல் நீளம்.

எண்ணிய பலகை தொண்ணூற்று மூன்று.